முப்பத்தொன்றாவது மீன்

பராகுவே நாட்டு என்கர்னாசியோன் நகரில், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பரப்பும் குழுவில் எவரேனும் தம் கணினியின் ஹார்டு டிஸ்க்கைத் தவறுதலாகத் துடைத்துவிட்டால், அதைச் சொல்ல ஒரு தனி வினை இருந்தது. "நிமியா பண்ணிட்டான்" என்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு அதன் வரலாறு தெரியாது. ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. சன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்து எல்லோருக்கும் தெரெரே என்னும் குளிர்ந்த இலைநீரை ஊற்றிக் கொடுக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணின் பெயர் நிமியா ஓவெலார் என்று பின்னால் தெரியவரும்போது அவர்கள் முகம் கோணும். நிமியா அந்த முகங்களை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் அவள். பொய் சொல்கிறவர்கள் எந்த இடத்தில் வேகமாகப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வேகத்தை எந்த நீதிபதியும் சான்றாக ஏற்றதில்லை என்பதும் தெரியும். தாளில் இருப்பதுதான் சான்று.

நடந்தது இது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பள்ளிக்கூட மண்டபத்தில் நிறுவல் திருவிழா கூடும். ஊரார் தங்கள் வீட்டுப் பழங்கணினிகளைத் தோளிலும் மோட்டார் சைக்கிளிலும் சுமந்து வருவார்கள். குழுவினர் அவற்றில் லினக்ஸ் ஏற்றித் தருவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிமியாவும் தன் கணினியைக் கொண்டுபோனாள். அதில் மூன்று ஆண்டு உழைப்பு இருந்தது. அவளும், ஓய்வு பெற்ற மருத்துவச்சி தோமாசாவும், இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து, எளிய கணினிகளுக்கான லினக்ஸ் ஒன்றின் கட்டளைகளையெல்லாம் தங்கள் நாட்டுக் குவாரனி மொழிக்கு மாற்றியிருந்தார்கள். நாலாயிரத்துப் பன்னிரண்டு வரிகள். 'சேமி' என்பதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதில் மட்டும் ஆறு வாரம் பேச்சுவார்த்தை அறுந்து கிடந்தது. வரிகளைக் காக்கும் பொறுப்பு நிமியாவுடையது. ஏனென்றால் அவள் எதையும் தொலைத்ததில்லை. படி எடுத்து வைப்பது அன்றைய வேலைப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது.

அவளுடைய கணினியைத் தாமே எடுத்துக்கொண்டவர் தோன் அர்செனியோ பொகாரின். குழுவிலேயே முதல் கை அவருடையது. பதினொரு நிமிடத்தில் ஒரு கணினியை முடித்துவிடுவார். நிறுவும்போது ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் தட்டச்சு செய்ய வேண்டும் அல்லவா? அவர் பரானா ஆற்று மீனின் பெயரை வைப்பார்: சுருபி-1, சுருபி-2 என்று எண்ணோடு. அந்த மீன்களின் பட்டியல் அட்டையில் எழுதப்பட்டு மண்டபச் சுவரில் தொங்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கணினிக்கு உரியவரின் பெயர் இருக்கும்.

"பழசு பக்கத்துலயே புதுச வெக்கிறோம், ஞா நிமியா. ஒண்ணும் போகாது" என்றார் அன்று. மூத்த பெண்களை 'ஞா' என்றும் ஆண்களை 'தோன்' என்றும் அழைப்பது அங்கே மரியாதை. "நீங்க போய் தெரெரே ஊத்துங்க. உங்க கைப்பக்குவம் இந்த ஊர்ல யாருக்கு வரும்?"

அவள் போனாள். தெரெரே ஊற்றுகிறவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கொம்புக் குவளை ஒன்றுதான், உறிஞ்சுகுழல் ஒன்றுதான். ஊற்றுகிறவர் நிரப்பிக் கொடுப்பார். குடித்தவர் அவரிடமே திருப்பித் தருவார். அவர் அடுத்தவருக்கு நிரப்புவார். சுற்று ஓயும்வரை ஊற்றுகிறவர் எழுந்திருப்பதில்லை. போதும் என்றால் 'நன்றி' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சுற்றிலிருந்து விலகிவிட்டதாகப் பொருள். மறுபடி குவளை வராது. வெளியூர்க்காரர்கள் முதல் குவளைக்கே மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு நாள் முழுவதும் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அரை மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது நிமியாவின் கணினி உயிர்பெறவில்லை. அர்செனியோவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யாரு இதுல 'முழு டிஸ்க்கையும் அழி'ன்னு அமுக்குனது? ஞா நிமியா! நான் வர்றதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்களே! நான் இன்னும் இது முன்னாடி உக்காரவே இல்லையே!"

காலையில் கணினியை மேசைமேல் வைத்தபோது அவளே எதையாவது அழுத்தியிருப்பாளோ? ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிமியா தன்னையே ஐயுற்றாள். வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் ஒப்புதலாகப் பதிவாயிற்று. நான்கு பெண்கள் அழுதார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அடுத்த மாதமே அவள் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

அந்த ஒரு கண ஐயத்தை அவள் அர்செனியோவுக்கும் மன்னிக்கவில்லை, தனக்கும் மன்னிக்கவில்லை.

சந்தேகத்துக்கு விதை போட்டது சுவரில் இருந்த பட்டியல். மறு ஆண்டு அதைப் படித்தபோது, முப்பதுக்குப் பின் முப்பத்திரண்டு என்றிருந்தது. எண்கள் தாவுவதை நிமியாவால் பொறுத்துக்கொள்ள முடியாது. யாரோ கேட்டதற்கு அர்செனியோ சிரித்துக்கொண்டே, "அது தூண்டில அறுத்துட்டுத் தப்பிச்ச மீனுப்பா" என்றார். வேகமாகச் சொன்னார்.

டிஸ்க் அவளிடம்தான் இருந்தது. அன்று மாலையே கழற்றி, மெல்லிய கம்பளித் துணியில் சுற்றி, தையல் இழுப்பறைக்குள் வைத்திருந்தாள். அழிந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது, எழுதினால் அடியில் மிஞ்சியிருப்பதும் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தாள். அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் தொடாமல் பார்க்க வேண்டும். அவளிடம் இருந்ததோ டிஸ்க் இல்லாத பழங்கணினி, அரை ஜிபி நினைவகம், ஒரு பென் டிரைவ். ஆகவே பென் டிரைவிலிருந்தே எழுந்து, அரை ஜிபிக்குள் கைகாலை மடக்கி உட்கார்ந்து, மாட்டிய டிஸ்க்கில் ஒரு கீறலும் போடாத லினக்ஸ் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரத்தில் அவள் லினக்ஸின் பல வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எழுந்து வர எத்தனை நிமிடம், எவ்வளவு நினைவகம் தின்கிறது, கேட்காமல் எதையாவது தொடுகிறதா. முதல் ஐந்தும் அவள் கணினியைப் பார்த்து மலைத்து, தங்கள் முத்திரைப் படத்தோடு உறைந்து நின்றன. ஆறாவது அழகி, ஆனால் அவள் ஒரு சன்னலைத் திறந்து காட்டுவதற்குள் அடுப்பில் சிப்பா ரொட்டி வெந்துவிடும். ஒன்பதாவது நல்ல வேகம். ஆனால் போனாலும் கவலையில்லாத வேறொரு டிஸ்க்கை மாட்டிச் சோதித்தபோது, விருந்துக்கு வந்தவன் பீரோவைத் திறப்பதுபோல, அதிலிருந்த ஒரு மூலையைக் கேட்காமலே தன் கிறுக்கல் பலகையாக்கிக்கொண்டது. நிமியா சிவப்பு மையால் அதன்மேல் கோடு போட்டாள். டைனி கோர் மிகச் சிறியது. சிறியதாக இருப்பதைத் தவிர மற்றவற்றை நாமே செய்துகொள்ள வேண்டும். ஸ்லிடாஸ் சிக்கனமானது. ஆன்டிஎக்ஸ் முதிய கணினிகளிடம் பணிவாக நடந்துகொண்டது. அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினாள்.

ஒரு மதியம் தோமாசா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"இது எத்தனாவதுடி?"

"பதினாலு."

"நான் இத்தன புருசன மாத்தியிருந்தேன்னா பாதிரியார் என்ன ஊர விட்டே தொரத்தியிருப்பாரு."

"நீ மாத்துனது மூணுதான். கணக்கு எனக்குத் தெரியும்."

"மூணும் மெதுவாதான் எந்திரிப்பானுங்க" என்று பெருமூச்சுவிட்டாள் தோமாசா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எதுக்குடி இதெல்லாம்? போனது போச்சு. நாங்க யாராச்சும் உன்ன ஒரு வார்த்த கேட்டோமா?"

"அதான்" என்றாள் நிமியா. "கேக்கலையே."

பத்தொன்பதாவது, பப்பி வகையில் ஒன்று. முழுவதுமாக நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பென் டிரைவைப் பிடுங்கினாலும் பதறாமல் ஓடியது. அதற்கு என்னென்ன தடை சொல்ல வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்லி, அந்தச் சோதனை டிஸ்க்கில் பதினொரு நாள் பழக்கிய பிறகுதான் நிமியா இழுப்பறையைத் திறந்தாள். முதலில் பழைய டிஸ்க்கை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புதிய டிஸ்க் ஒன்றில் படி எடுத்தாள். பிறகு படியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு முழு லினக்ஸ் கிடந்தது. அர்செனியோவின் நிறுவல் ஏறத்தாழ முடிந்தேவிட்டிருந்தது. கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி: கணினி எழும்போது அதற்கு வழிகாட்டும் சிறு நிரல். அதை எழுதுவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. கணினியின் பெயரைத் தாங்கும் கோப்பு எது என்று அவளுக்குத் தெரியும். திறந்தாள். ஒரே வரி.

சுருபி-31.

நிமியா அதைப் படித்தாள். கோப்பை மூடினாள். அடுக்களைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த ஒரு கோப்பையைக் கழுவினாள். திரும்பி வந்து மறுபடி திறந்தாள். எழுத்துப் பிழை இல்லை.

அந்த வாரம் முழுவதும் மிச்சமிருந்ததைத் தேடி எடுத்தாள். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொரு வரிகள் கிடைத்தன. மற்றவை இருந்த இடத்தின்மேல் அர்செனியோவின் மீன் படுத்திருந்தது. 'சேமி' போனவற்றில் ஒன்று.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் அர்செனியோ பேசுவார். பேச்சில் அவரை வென்றவர் யாருமில்லை. நிமியா மூன்று நாள் யோசித்தாள். டிஸ்க்குக்குத் தேவை அந்தக் கடைசிப் படி மட்டும். செத்த கணினியில் வழிகாட்டி நிரலை எழுதி எழுப்புவதில் ஊரிலேயே தேர்ந்த கை யாருடையது? ஒவ்வொரு திருவிழாவிலும் உச்சிவேளையில், பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, நேரம் குறித்து அந்த வித்தையைக் காட்டுகிறவர் யார்? மீனைப் பிடித்தவரே கரையில் இழுத்துப் போடட்டும் என்று முடிவுசெய்தாள்.

ஏப்ரல் வந்தது. நிமியா அசல் டிஸ்க்கைத் தோமாசா வீட்டுப் பச்சைக் கணினிப் பெட்டிக்குள் மாட்டினாள். பெட்டியில் தோமாசாவின் பேரப்பிள்ளைகள் ஒட்டிய கால்பந்துப் படங்கள் இருந்தன.

"உச்சிவேளை வித்தைக்கு இத நீ கொண்டுபோய்க் குடு. எந்திரிக்கலன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

"உள்ள என்ன இருக்கு?"

"அத அவரே சொல்வாரு."

தோமாசா அவள் முகத்தைப் பார்த்தாள். நாலாயிரம் பிரசவம் பார்த்தவள். எப்போது கேள்வி கேட்கக் கூடாது என்று அறிந்தவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

அன்று மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். நிமியா தன் நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்நீர்க் குடுவையை முழங்கால்களுக்கிடையே வைத்து, சுற்றைத் தொடங்கினாள். உச்சிவேளையில் அர்செனியோ கைகளைத் தேய்த்துக்கொண்டு திரைக்கு முன் வந்தார்.

"யாருகிட்ட இருக்கு பொணம்? கொண்டாங்க, எழுப்பிக் காட்டுறேன்!"

"இந்தாங்க தோன் அர்செனியோ" என்று பச்சைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள் தோமாசா. "எந்திரிக்கவே மாட்டேங்குது. என் ரெண்டாவது புருசன் மாதிரி."

மண்டபம் சிரித்தது. அர்செனியோ பென் டிரைவைச் செருகினார், விரல்களை நெட்டி முறித்தார். "இதுல சிஸ்டம் முழுசா இருக்கும்மா! உசுரெல்லாம் இருக்கு. வாசல்தான் இல்ல. வாசல் வெச்சுட்டா தீந்துச்சு. நேரம் பாத்துக்குங்க!"

அவர் விரல்கள் ஓடின. நிமியா ஒரு குவளை நிரப்பினாள். குவளையில் நுரை பொங்கி அடங்குவதைக் கவனித்தாள்.

"ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு!" யாரோ கத்தினார்கள். கைதட்டல். அர்செனியோ பென் டிரைவைப் பிடுங்கி, மந்திரவாதியைப்போல உயர்த்திக் காட்டி, கணினியை மறுபடி எழுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஏறின. கடைசியில் நின்றன. நுழைவதற்குப் பெயர் கேட்கும் வரி. அதன் தலையில் கணினியின் பெயர்.

"அட, பாருங்கப்பா!" அர்செனியோ திரையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். "சுருபி! நம்ம மீனு! நான் வெச்ச கணினிதான் இது. எங்க போனாலும் எங்கிட்டதான் திரும்பி..."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் விரலாலும் வாயாலும் சேர்ந்து கெட்டார். அவர் கண் மெதுவாக எண்ணுக்கு நகர்ந்தது. அறுபது பேரின் கண்களும் அதையே செய்தன. பிறகு ஒவ்வொருவராகச் சுவர்ப்பட்டியல் பக்கம் திரும்பினார்கள். முப்பது. முப்பத்திரண்டு.

"முப்பத்தொண்ணு" என்றாள் தோமாசா உரக்க. "தப்பிச்ச மீனு."

"இது யாரு டிஸ்க்?" அர்செனியோ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்னோடது" என்றாள் நிமியா நாற்காலியிலிருந்தே. "ரெண்டு வருசம் முன்னாடி நான் அழிச்சேன்னு சொன்னீங்களே, அது. நீங்க உக்காரவே இல்லன்னு சொன்ன கணினி."

அர்செனியோ பேசத் தொடங்கினார். வேகமாகப் பேசினார். "உக்காந்திருப்பேன், ஞாபகமில்ல. பேரு மட்டும் அடிச்சிட்டு எந்திரிச்சிருப்பேன். அந்தப் பக்கம் ஒருத்தர் கூப்பிட்டாரு. அப்புறமா இவங்க வந்து அமுக்கியிருக்கணும். நான் என்ன பொய்யா..."

"இருங்க தோன் அர்செனியோ" என்று குறுக்கிட்டாள் தோமாசா. "பேரு கேட்டப்புறம்தான டிஸ்க்கப் பத்தி கேக்கும்? எனக்கே தெரியுது. நீங்க பேரு அடிக்கிறப்போ இவ எங்க இருந்தா? அதோ, அந்த நாற்காலில. எனக்கு ஏழு குவள ஊத்துனா. ஊத்துறவ எந்திரிச்சா சுத்து நின்னுடும். அன்னிக்குச் சுத்து நிக்கல. கரண்டுதான் நின்னுச்சு."

அன்றைய சுற்றில் இருந்தவர்கள் பதினைந்து பேராவது மண்டபத்தில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தாம் குடித்த குவளைகளை நினைவுகூர்வது முகத்தில் தெரிந்தது.

"கை தவறிடுச்சு" என்றார் அர்செனியோ முடிவில். "வேகமாப் போயிட்டிருந்தேன். 'பக்கத்துல வை'க்குக் கீழதான் 'அழி' இருக்கும். யாருக்கும் நடக்கும் அது."

"நடக்கும்" என்று ஒத்துக்கொண்டாள் நிமியா. "அன்னிக்கு அந்த ஒரு வார்த்தய சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே நானும் அழுதுட்டு உங்களுக்கு ஒரு குவள ஊத்தியிருப்பேன்."

அவள் பையிலிருந்து கறுப்பு மைப்பேனா ஒன்றை எடுத்து, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி அர்செனியோவிடம் போய்ச் சேர்ந்தது.

"பட்டியல்ல எடம் காலியா இருக்கு. முழுசா எழுதுங்க. எண்ணு, பேரு, என்ன ஆச்சுன்னு."

அர்செனியோ பேனாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவே, அன்று அழுத அந்த நான்கு பெண்களும் நின்றார்கள். அவர் சுவரருகே போய், முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையே நெருக்கி எழுதினார்: 31, நிமியா ஓவெலார், அழித்தது அ. பொகாரின். எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்தன. நிமியாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் திருத்தச் சொல்லவில்லை.

பிறகு அவள் குவளையை நிரப்பினாள். இலையைச் சாய்த்து, நீரை உறிஞ்சுகுழலின் ஓரமாக விட்டு, ஒரு துளி சிந்தாமல் நிரப்பினாள். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, தோன் அர்செனியோ. உங்க மொற."

மண்டபத்தின் நீளத்தை நடந்து அவர் வர வேண்டியிருந்தது. வந்தார். வாங்கினார். அறுபது பேர் பார்த்திருக்கக் குடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது உதடு அசைந்தது.

"கேக்கல" என்றாள் நிமியா. "பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"நன்றி" என்றார் அர்செனியோ.

"சரி" என்றாள் நிமியா. உறிஞ்சுகுழலின் வாயை இரண்டு முறை துணியால் துடைத்துவிட்டு அடுத்த குவளையை ஊற்றினாள்.

அவர் தம் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார். மீட்ட வரிகளைச் சுமந்த பென் டிரைவ் நிமியாவின் பையில் இருந்தது. தோழிகளிடம் திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாள். இன்னும் ஆயிரத்து நானூற்றொரு வரிகளைப் புதிதாக எழுத வேண்டும். 'சேமி'க்காக மறுபடி சண்டை பிடிக்க வேண்டும். அவற்றை அர்செனியோவின் கணக்கிலிருந்து அவள் கழிக்கவில்லை.

அப்போது நான்காவது மேசையிலிருந்து ஓர் ஓலம் எழுந்தது. இளம் ஆசிரியை ஒருத்தி தலையில் கைவைத்து நின்றாள். "ஐயோ, தப்பா அமுக்கிட்டேன்! முழு டிஸ்க்கும் போச்சு! நான் நி..."

அவள் நிறுத்திக்கொண்டாள். மண்டபமே நின்றது. நிமியா குடுவையைச் சாய்க்காமல் காத்திருந்தாள். வாசலருகே, கையில் கம்பிச் சுருளோடு, அர்செனியோவும் நின்றுவிட்டார்.

ஆசிரியை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நான்... அர்செனியோ பண்ணிட்டேன்" என்றாள்.

நிமியா குவளையை விளிம்புவரை நிரப்பி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் குடுங்க" என்றாள். "டிஸ்க்கத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."